எதிரே எதுவும் இல்லாதபோது பிக்கப் தானாகவே பிரேக் போடுகிறது: சர்வீஸ் மையம் ‘இயல்பு’ என்கிறது

நெடுந்தூரம் (இழையைத் தொடங்கியவர்)

வாங்கிப் பதினாறு மாதங்கள் ஆன இரட்டைக் கேபின் பிக்கப். ஓடியிருப்பது 31,000 கிலோமீட்டர். கடந்த ஐந்து வாரங்களில் மூன்று முறை, ஈ காக்கை இல்லாத சாலையில் வண்டி தானாகவே பிரேக் போட்டிருக்கிறது.

முதல் முறை மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். பின்பாடியில் தரை ஓடுகள் இருந்தன. சாலைக்குக் குறுக்கே மேலே நிற்கும் பெரிய பெயர்ப் பலகையை நெருங்கும்போது மீட்டர் திரையில் சிவப்பாக ஒரு கார் படம் மின்னியது. அடுத்த நொடியே யாரோ காலால் ஓங்கி மிதித்ததுபோல வண்டி அமுங்கியது. வேகம் 50-க்கு வந்த பிறகுதான் பிரேக் விட்டது. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனை அழுத்தியபடியே பக்கத்துத் தடத்துக்கு ஒடித்துப் போனார். அவர் சற்று அசந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். சீட் பெல்ட் இறுக்கிய தடம் மாலை வரை என் தோளில் சிவந்திருந்தது.

இரண்டாவது முறையும் இதே கதைதான், வேறு பலகை. மூன்றாவது முறை ஒரு மேம்பாலத்துக்கு முன்னால். இடையில் ஒருநாள், சுள்ளென்று வெயில் அடிக்கும்போது, ‘முன் சென்சார் மறைக்கப்பட்டுள்ளது, சுத்தம் செய்யவும்’ என்ற செய்தி வந்தது. இறங்கி முன்கிரில்லைத் துணியால் துடைத்தேன். துணியில் அழுக்கே ஒட்டவில்லை.

சர்வீஸ் மையத்தில் இரண்டு நாள் வைத்திருந்து ஜாப் கார்டில் (வேலைச் சீட்டில்) எழுதித் தந்தது ஒரே வரி: ‘பிழைக் குறியீடு எதுவும் இல்லை. இயல்பான செயல்பாடு.’ மூன்று முறை உயிர் தப்பியவனிடம் சொல்கிற பதிலா இது? இதே தொல்லை உள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

அச்சாணி

முன்னால் ஏதாவது கூடுதலாக மாட்டியிருக்கிறீர்களா? இரும்பு பம்பர் கார்டு, விளக்குப் பட்டை, வின்ச், வேறு கிரில்? நான் பார்த்தவரை இப்படிப் புகார் சொல்பவர்களில் பலர் வண்டியை மாற்றியமைத்தவர்கள். இன்னொன்று, எனக்கு இந்த வசதியில் நம்பிக்கையே இல்லை. வண்டியைக் கிளப்பியதும் அணைத்துவிடுகிறேன்.

நெடுந்தூரம்

ஒன்றும் மாட்டவில்லை ஐயா. டயர்கூட வண்டியோடு வந்ததுதான். அணைத்துவிடலாம் என்று நானும் நினைத்தேன். ஆனால் என் வண்டியில் ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் அது மீண்டும் உயிர் பெற்றுவிடுகிறது. தவிர, ஒருநாள் உண்மையிலேயே என் கவனம் தவறி எதிரே ஒருவர் குறுக்கே வந்தால் இதே பிரேக்தானே அவரைக் காப்பாற்ற வேண்டும்? எனக்கு அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சரியாக வேலை செய்ய வேண்டும் என்கிறேன்.

வெண்மணல்

எனக்கு வேறு விதமான தொல்லை. தடம் காக்கும் வசதி ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுக்கிறது. சாலையில் விரிசல்களுக்குத் தார் ஊற்றி அடைத்த கோடுகள் நீளவாக்கில் போகும் அல்லவா? மழை பெய்து வெயில் அடித்தால் அவை பளபளவென்று மின்னும். வண்டி அவற்றைத் தடக்கோடு என்று எடுத்துக்கொண்டு மண்திட்டை நோக்கித் திருப்புகிறது. போன வாரம் ஒரு சைக்கிள்காரரைத் தாண்டுவதற்காக வலப்பக்கம் ஒதுங்கினேன். ஸ்டீயரிங் என் கைக்கு எதிராக அவர் பக்கமே திரும்பப் பார்த்தது. பலம் கொடுத்துத் திருப்பி மீண்டேன். அன்று இரவு முழுவதும் அவருடைய முதுகுதான் கண்ணில் நின்றது.

திருப்புளி

நான் இந்தத் தொழிலில் இருப்பவன். கேமரா, ரேடார் காலிபரேஷன் வேலை, அதாவது அவற்றின் பார்வைக் கோணத்தை அளந்து சரிசெய்யும் வேலை, பதினோரு வருடமாகச் செய்கிறேன். இருவருக்கும் தனித்தனியே பதில் சொல்கிறேன்.

முதலில் வெண்மணல் அம்மாவுக்கு. நீங்கள் சொன்னது இரண்டு வேறு விஷயம். சைக்கிள்காரரைத் தாண்டும்போது இண்டிகேட்டர் போடாமல் கோட்டைக் கடந்திருந்தால் ஸ்டீயரிங் எதிர்ப்பது அதன் வடிவமைப்பு. இண்டிகேட்டர் போட்டும் எதிர்த்திருந்தால் அது கோளாறு. தார்க்கோட்டைத் தடக்கோடாக எடுப்பதோ கேமராவின் தவறான வாசிப்பு. கேமரா கோட்டைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் வெளிச்ச வேறுபாட்டை வைத்துத்தான். தாழ்ந்த வெயிலில் ஈரத்தார் வெள்ளைக் கோட்டைவிட அதிகமாக மின்னும். எந்த நிறுவனத்தின் வண்டியிலும் இது ஓரளவு வரும். அடிக்கடி வந்தால், எப்போதும் ஒரே பக்கமாகவே இழுத்தால், கேமராவின் பார்வைக் கோணத்தையும் ஸ்டீயரிங் கோண சென்சாரின் பூஜ்ஜியப் புள்ளியையும் (ஸ்டீயரிங் நேராக இருப்பதாக அது எடுத்துக்கொள்ளும் நிலை) பார்க்கச் சொல்லுங்கள். வீல் அலைன்மென்ட் செய்தபின் அந்தப் பூஜ்ஜியத்தை மீண்டும் பதியாமல் விடுவது மிகவும் சாதாரணமாக நடக்கிறது.

நெடுந்தூரம் அவர்களுக்கு ஒரே கேள்வி. முன்கண்ணாடி எப்போதாவது மாற்றினீர்களா?

நெடுந்தூரம்

ஆமாம். கல் தெறித்து விரிசல் விட்டதால் ஏழு வாரங்களுக்கு முன் மாற்றினேன். கண்ணாடிக் கடையில், ‘கேமராவை அதே தாங்கியில் மாட்டிவிட்டோம், வேறொன்றும் தேவையில்லை’ என்றார்கள். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறதா?

திருப்புளி

இருக்கிறது.

முன்கண்ணாடிக்குப் பின்னால், பின்பக்கம் பார்க்கும் உள்கண்ணாடிக்கு அருகே கேமரா இருக்கும். முன்கிரில்லிலோ பம்பரிலோ ரேடார் இருக்கும். இப்போது வரும் முன்புற ரேடார்கள் பெரும்பாலும் 77 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்பவை. ரேடார் தூரத்தையும் வேகத்தையும் துல்லியமாகச் சொல்லும். ஆனால் உயரம் பார்ப்பதில் பல ரேடார்கள் பலவீனமானவை. சாலைக்கு மேலே தொங்கும் இரும்புப் பலகையும், சாலையில் நின்றுபோன லாரியும் ரேடாருக்கு ஏறக்குறைய ஒன்றுதான்: அசையாத, பெரிய, உலோகப் பொருள். அது மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பிரித்துச் சொல்லக் கேமரா வேண்டும். கேமராவின் கோணம் சற்றே பிசகியிருந்தால் அந்தத் தீர்ப்பு தவறும்.

ஒரு டிகிரி என்பது கேட்கச் சின்ன அளவு. 100 மீட்டர் தூரத்தில் அது 1.75 மீட்டர் வித்தியாசம். கண்ணாடியை ஒட்டும் பசையின் தடிமன் மேலும் கீழும் மாறினாலே கேமராவின் பார்வை சாயும். அதனால்தான் கண்ணாடி மாற்றியபின் காலிபரேஷன் செய்யுமாறு தயாரிப்பாளர்கள் தங்கள் பழுதுபார்ப்பு ஏடுகளில் எழுதுகிறார்கள். சில வண்டிகளுக்குச் சமதளத் தரையில் குறித்த தூரத்தில் பலகை வைத்துச் செய்ய வேண்டும். சிலவற்றுக்கு ஸ்கேன் கருவியை மாட்டிக்கொண்டு, கோடுகள் தெளிவாக உள்ள சாலையில் ஓட்ட வேண்டும். சிலவற்றுக்கு இரண்டும் வேண்டும்.

‘பிழைக் குறியீடு இல்லை’ என்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோளாறைக் கண்டால் வண்டியின் கணினி பதிந்துவைக்கும் குறிப்புதான் அது. பல ரேடார்கள் சிறிய சாய்வைத் தாமே கணக்கிட்டு ஈடுகட்டிக்கொள்ளும். வரம்பைத் தாண்டினால்தான் குறியீடு பதியும். வரம்புக்குள் இருக்கும் பிசகு எங்கும் பதியாது. தவிர, தவறாகப் பிரேக் போட்ட அமைப்பு தன் கணக்கில் சரியாகத்தான் பிரேக் போட்டது. அதற்குத் தான் தவறு செய்தது தெரியாது. தெரிந்தால்தானே குறியீடு எழுதும்? ஆகவே குறியீடு இல்லாததைக் காட்டிக் கோளாறே இல்லை என்று எழுதிக் கொடுப்பது என் தொழிலுக்கு நானே தலைகுனிய வேண்டிய விஷயம்.

கருங்கல்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எல்லாவற்றுக்கும் வண்டிக்காரன் என்ன செய்தான் என்றே பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. என் வண்டியில் கண்ணாடி மாற்றவில்லை, பம்பர் தொடவில்லை, டயர் மாற்றவில்லை. வாங்கிய மூன்றாம் மாதமே வளைவுகளில் எதிர்த் தடத்தில் வரும் வண்டியைப் பார்த்துப் பிரேக் போட ஆரம்பித்தது. நான்கு முறை சர்வீஸ் மையத்துக்கு நடந்தேன். நான்கு முறையும் ‘இயல்பு’தான்.

ஐந்தாம் முறை போனபோது, என் வண்டியின் 17 இலக்கச் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, ‘ரேடார் மாடியூலுக்கும் கேமரா மாடியூலுக்கும் நிலுவையில் உள்ள மென்பொருள் பதிப்புகள் என்ன, என் வண்டியில் இருப்பது எந்தப் பதிப்பு, இரண்டையும் ஜாப் கார்டில் எழுதிக் கொடுங்கள்’ என்று கேட்டேன். அரைமணி நேரம் உள்ளே போய் வந்தார்கள். என் வண்டியில் இருந்தது பழைய பதிப்பு. புதியது வந்து ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. ஏற்றித் தந்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை ஒருமுறைகூட வீண் பிரேக் இல்லை. அந்த ஏழு மாதமும் நான் சாலையில் பட்ட பாட்டுக்கு ஒருவரும் பொறுப்பேற்கவில்லை.

அச்சாணி

கருங்கல் சொன்னதை ஏற்கிறேன். எடுத்த எடுப்பில் வண்டிக்காரர் மேல் பழி போட்டது என் தவறு. நெடுந்தூரம் அவர்களிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மழைக்காலம்

என் அனுபவத்தையும் பதிந்துவைக்கிறேன், யாருக்காவது உதவும். பக்கவாட்டு மறைவிடத்தைப் பார்க்கும் எச்சரிக்கை, பின்னால் குறுக்கே வரும் வண்டிக்கான எச்சரிக்கை, இரண்டும் மழைக்குப் பின் செத்துவிடும், இரண்டு நாள் கழித்துப் பிழைத்துக்கொள்ளும். சர்வீஸ் மையத்தில் ரேடாரையே மாற்ற வேண்டும் என்றார்கள். உத்தரவாதம் முடிந்திருந்ததால் பெருந்தொகை ஆகும் என்றார்கள்.

வீட்டிலேயே பின்பம்பரின் இடது மூலையைக் கழற்றினேன். ரேடாருக்குப் போகும் கனெக்டரின் பூட்டை அமுக்கி இழுத்தபோது உள்ளிருந்து இரண்டு சொட்டுத் தண்ணீர் என் விரலில் விழுந்தது. ஆறு பின்களில் ஒன்று மட்டும் பாசி படிந்ததுபோலப் பச்சைப் பொடி பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது, அடியில் பின் பாதியாக மெலிந்திருந்தது. கனெக்டரைச் சுற்றி இருக்க வேண்டிய ரப்பர் வளையம் மடிந்து ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது. தொழிற்சாலையில் மாட்டும்போதே மடிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்த இடத்தை அதற்குமுன் யாரும் தொட்டதில்லை. கனெக்டரை மட்டும் மாற்றினேன். ரேடார் பழையதுதான், நன்றாக வேலை செய்கிறது.

பிக்கப்பில் பின்பம்பர் மற்ற கார்களைவிட அதிகமாகச் சேற்றையும் தண்ணீரையும் வாங்கும் இடம். அங்கே இப்படி ஒரு கனெக்டரை வைக்கும்போது இன்னும் கவனம் வேண்டாமா?

திருப்புளி

மழைக்காலம் கண்டது நான் வாரத்துக்கு ஒன்றாவது பார்ப்பது. இதோடு ஒன்று சேர்க்கிறேன். இடிபட்ட பிளாஸ்டிக் பம்பரைப் பட்டி போட்டு வண்ணம் பூசினால் மூலை ரேடாரின் அலை அந்தத் தடிமனான பூச்சைத் தாண்டச் சிரமப்படும். ரேடார் இருக்கும் இடத்தில் பட்டியே வைக்கக் கூடாது. பெயின்ட் கடைக்காரருக்கு அங்கே ரேடார் இருப்பதே பெரும்பாலும் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். பேட்டரி பலவீனமாக இருந்து, கிளப்பும்போது மின்னழுத்தம் சரிந்தாலும் இந்த எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரியும். அப்படி ஒரே நேரத்தில் நான்கைந்து விளக்குகள் வந்தால் முதலில் பேட்டரியையும் எர்த் வயரையும் பாருங்கள்.

சாய்வுமானி

நெடுந்தூரம் அவர்களே, உங்கள் முதல் பதிவை மீண்டும் படித்தேன். முதல் முறை பின்பாடியில் ஓடுகள் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். மற்ற இரண்டு முறையும் லோடு இருந்ததா?

நெடுந்தூரம்

இப்போதுதான் யோசித்துப் பார்க்கிறேன். மூன்று முறையும் இருந்தது. காலியாகப் போகும்போது ஒருமுறைகூட நடந்ததில்லை.

சாய்வுமானி

அப்படியானால் ஒரு வேலை செய்யுங்கள். சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரத்துக்கு மேல் உள்ள வளைவின் விளிம்பிலிருந்து தரை வரை டேப் வைத்து அளந்து எழுதுங்கள். காலியாக ஒருமுறை, வழக்கமான லோடுடன் ஒருமுறை. முன்சக்கரத்திலும் அதேபோல.

நெடுந்தூரம்

அளந்துவிட்டேன். பின்பக்கம் காலியாக 96 செ.மீ., லோடுடன் 88 செ.மீ. முன்பக்கம் காலியாக 90, லோடுடன் 91. லோடு 600 கிலோ இருக்கும். வண்டியில் அனுமதித்த எடைக்குள்தான்.

சாய்வுமானி

சக்கர இடைவெளியை 3.1 மீட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். பின்பக்கம் 8 செ.மீ. இறங்கி முன்பக்கம் 1 செ.மீ. ஏறினால் வண்டியின் மூக்கு சுமார் 1.7 டிகிரி மேலே பார்க்கிறது. 100 மீட்டர் தூரத்தில் ரேடாரின் நடுக்கதிர் கிட்டத்தட்ட மூன்று மீட்டர் மேலே போய்விடும். சாலையைப் பார்க்க வேண்டியது பெயர்ப் பலகையைப் பார்க்கிறது. இரவில் லோடு ஏற்றினால் முகப்பு விளக்கின் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும் அல்லவா, அதே சங்கதிதான். விளக்குக்கு மட்டும் உயரம் குறைக்கும் திருகு வைத்திருக்கிறார்கள்.

திருப்புளி ஐயா, காலிபரேஷன் காலி வண்டியில்தானே செய்வீர்கள்?

திருப்புளி

ஆமாம். நான் வேலை பார்த்த பெரும்பாலான வண்டிகளுக்கு நிபந்தனை அதுதான்: பின்பாடி காலி, டயர் காற்று சரியான அளவு, பெட்ரோலோ டீசலோ முழு டேங்க். லோடு ஏறும்போது வரும் சாய்வை மென்பொருள் தாங்கிக்கொள்ளும் என்பது கணக்கு. கண்ணாடி மாற்றியதால் ஏற்கெனவே அரை டிகிரி பிசகியிருந்தால் அந்தத் தாங்கும் அளவு அங்கேயே தீர்ந்துபோயிருக்கும். உங்கள் வண்டியில் இரண்டும் சேர்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். முதலில் காலிபரேஷன் செய்துகொள்ளுங்கள். பிறகு அதே லோடுடன், அதே சாலையில், பின்னால் வண்டி இல்லாத நேரமாகப் பார்த்து ஓட்டிப் பாருங்கள்.

நெடுந்தூரம் (பன்னிரண்டு நாட்களுக்குப் பின்)

காலிபரேஷன் முடிந்தது. கேமராவின் கோணம் பிசகியிருந்ததாகத் தாளில் எழுதித் தந்தார்கள். ‘சென்சார் மறைக்கப்பட்டுள்ளது’ என்ற செய்தி அதற்குப் பிறகு வரவில்லை.

லோடுடன் ஆறு நாள் ஓட்டினேன். ஐந்து நாள் எந்தத் தொல்லையும் இல்லை. ஆறாம் நாள், ஏற்றம் முடிந்து சமதளம் தொடங்கும் இடத்தில், பலகைக்கு முன்னால் மீண்டும் ஒருமுறை. இந்த முறை முழு பிரேக் இல்லை, ஒரு நொடி பிடித்து விட்டது. டேஷ்கேமில் பதிந்திருக்கிறது. முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை எதுவும் இல்லை.

அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். சர்வீஸ் மேலாளர் பார்த்துவிட்டுச் சொன்னது: ‘லோடு ஏற்றினால் இந்த வசதி சரியாக இயங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.’ எனக்குச் சுருக்கென்றது. லோடு ஏற்றத்தானே பிக்கப் வாங்கினேன்? பின்பாடியைக் காலியாக வைத்துக்கொண்டு ஓட்டுவதற்குக் கார் வாங்கியிருப்பேனே!

சாய்வுமானி

அந்த வாசகத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தர மாட்டார்கள். ஏனென்றால் அது நிற்காது. தானியங்கி அவசர பிரேக்குக்கான 152ஆம் எண் ஐ.நா. விதிமுறை கார்களுக்கு மட்டுமல்ல, 3.5 டன் வரையிலான சரக்கு வண்டிகளுக்கும் உரியது. எந்த வேகத்தில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்ற அளவுகளைக் காலி எடைக்கும் முழு எடைக்கும் சேர்த்தே அது சொல்கிறது. வீண் எச்சரிக்கையும் வீண் பிரேக்கும் குறைவாக இருக்கும்படி வடிவமைக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. அமெரிக்காவில் 2024 ஏப்ரலில் இறுதி செய்த விதியில் வீண் பிரேக்குக்கென்றே இரண்டு சோதனைகள் வைத்திருக்கிறார்கள்: சாலையில் கிடக்கும் இரும்புத் தகட்டின் மேல் ஓட்டுவது, நிறுத்தி வைத்த இரண்டு வண்டிகளுக்கு நடுவே புகுந்து போவது. ஆக, வீண் பிரேக்கும் ஒரு குறைபாடுதான் என்று விதி எழுதுபவர்கள் ஒப்புக்கொண்டாகிவிட்டது.

கருங்கல்

உங்கள் நாட்டின் வாகனப் பாதுகாப்பு அமைப்பிலும் புகாரைப் பதிந்துவிடுங்கள். தனி ஒருவன் எழுதி என்ன ஆகும் என்று நானும் நினைத்ததுண்டு. 2022 பிப்ரவரியில் அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் வீண் பிரேக் குறித்து ஒரு நிறுவனத்தின் கார்கள் மேல் விசாரணை தொடங்கியது. சுமார் 4,16,000 கார்கள் அதில் அடங்கின. விசாரணைக்குக் காரணமாக இருந்தவை ஒன்பது மாதங்களில் வந்த 354 புகார்கள். அந்த 354 பேரில் ஒவ்வொருவரும் உங்களைப்போல உட்கார்ந்து எழுதியவர்கள்தான்.

எழுதும்போது தேதி, நேரம், வேகம், லோடு எடை, சூரியன் எந்தப் பக்கம், மேலே பலகையா பாலமா, எல்லாவற்றையும் எழுதுங்கள். ‘அடிக்கடி பிரேக் போடுகிறது’ என்று மட்டும் எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

வெண்மணல்

என் வண்டியில் ஸ்டீயரிங் கோண சென்சார் நான்கு டிகிரி பிசகியிருந்தது. மூன்று மாதம் முன் அலைன்மென்ட் செய்தவர்கள் பூஜ்ஜியத்தைப் பதியவில்லை. திருப்புளி ஐயாவுக்கு நன்றி. தார்க்கோட்டுத் தொல்லை இன்னும் இருக்கிறது, ஆனால் இழுப்பு மிகவும் குறைந்துவிட்டது.

நெடுந்தூரம்

புகார் பதிந்துவிட்டேன், எண்ணும் வந்துவிட்டது. டேஷ்கேம் பதிவு, டேப் அளவு, காலிபரேஷன் தாள் மூன்றையும் இணைத்திருக்கிறேன். அதன் நகலைச் சர்வீஸ் மையத்துக்கு அனுப்பிய மறுநாளே தொலைபேசி வந்தது. வருகிற வியாழக்கிழமை நிறுவனத்தின் பொறியாளர் வருகிறாராம், என்னோடு ஓட்டிப் பார்க்கிறாராம். வண்டியைக் காலியாகக் கொண்டுவரச் சொன்னார்கள். முடியாது, ஓடுகளோடுதான் வருவேன் என்று சொல்லிவிட்டேன்.

திருப்புளி

நல்லது செய்தீர்கள். கிளம்பும் முன் எடை மேடையில் நிறுத்திச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள், முன் அச்சு எடையும் பின் அச்சு எடையும் தனித்தனியாக. டயர் காற்றை, கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டையில் முழு லோடுக்கு என்ன எழுதியிருக்கிறதோ அந்த அளவுக்கு வையுங்கள். இல்லாவிட்டால் அதையே காரணமாகக் காட்டுவார்கள். அந்தப் பலகைக்கு வரும்போது பொறியாளரே ஓட்டட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். பின்னால் சற்றுத் தள்ளி உங்கள் நண்பர் ஒருவர் வண்டியில் வந்தால் பாதுகாப்பாக இருக்கும். வியாழன் இரவு இங்கே எழுதுங்கள்.